உதகை வானொலித் தொலைநோக்கி: கம்பியிலிருந்து மென்பொருளுக்கு

நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் உள்ள உதகை வானொலித் தொலைநோக்கி 1970-இல் செயல்படத் தொடங்கியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப் (1929–2020) இதை வடிவமைத்தார். இது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை. எதிரொளிக்கும் பரப்பு தகடு அன்று; 24 எஃகுச் சட்டங்களின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்.

இடத் தேர்விலேயே பாதி வடிவமைப்பு முடிந்துவிட்டது எனலாம். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் உருளையைக் கிடத்தியதால், அதன் அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. அந்த ஒற்றை அச்சில் மெல்லச் சுழற்றினாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். தொடக்க கால நோக்கம், தொலைதூர வானொலி மூலங்களை நிலா மறைக்கும் கணத்தைப் பதிவு செய்து அவற்றின் இருப்பிடத்தையும் அமைப்பையும் துல்லியமாக அறிவது.

உருளையின் குவியக் கோட்டில் 1,056 இருமுனை அலைவாங்கிகள் வரிசையாக உள்ளன. 1990-களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றின் பின்னாலும் இரைச்சல் குறைந்த பெருக்கி வைக்கப்பட்டது. உணர்திறன் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. எனினும் அடிப்படைக் குறை தொடர்ந்தது. அலைவாங்கிகளின் சமிக்ஞைகள் மின்சுற்றுகளிலேயே ஒன்றாகக் கூட்டப்பட்டு, 12 கற்றைகளாக மட்டுமே வெளிவந்தன. ஒருமுறை கூட்டிவிட்ட சமிக்ஞையை மறுபடி பிரிக்க வழியில்லை. கற்றைகளுக்கு வெளியே இருந்த வானம் அலைவாங்கிகளை எட்டியும் பதிவேட்டை எட்டவில்லை.

உதகை அகல்புல அணி என்ற மேம்பாட்டுத் திட்டம் இந்தக் கூட்டலைத் தள்ளிப்போட்டது. நான்கு அலைவாங்கிகளுக்கு ஒன்றாக 264 சமிக்ஞைகள் தனித்தனியே இலக்கமாக்கப்பட்டு, ஒளியிழை வழியாகக் கணினிகளுக்குச் செல்லும் அமைப்பு இது. பட்டை அகலம் ஏறக்குறைய 38 மெகாஹெர்ட்ஸ். அதற்கு ஒவ்வொரு சமிக்ஞையையும் நொடிக்கு 7.6 கோடி முறையாவது அளந்தாக வேண்டும். மொத்தம் நொடிக்கு 2,000 கோடி அளவீடுகள். இந்தப் பெருக்கை 1970-இன் எந்தக் கணினியும் தாங்கியிருக்காது.

சர்வர் மெய்நிகராக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே ஒரே இயந்திரத்தை மென்பொருள் பல கணினிகளாகப் பிரிக்கிறது. இங்கே ஒரே உருளை 264 சிறு தொலைநோக்கிகளாகிறது. வன்பொருள் செய்த வேலை நிரலுக்கு மாறியதும், புதிய வசதிக்காகச் சுற்றுகளைக் கழற்ற வேண்டிய தேவை குறைகிறது. அளவுதிருத்தம் இதற்கு நல்ல சான்று. 264 உறுப்புகளிலிருந்து 34,716 இணைகள் கிடைக்கின்றன. சம இடைவெளியில் அமைந்ததால் வேறுபட்ட இடைவெளிகள் 263 மட்டுமே. ஒரே இடைவெளி கொண்ட இணைகள் வானத்திலிருந்து ஒரே விடையைத் தர வேண்டும். தராவிட்டால் பிழை கருவியில் இருக்கிறது. நிரலே அதைக் கணித்துத் திருத்தலாம்.

மூன்று பணிகள் முதன்மையாகத் திட்டமிடப்பட்டன: சூரியக் காற்றின் கொந்தளிப்பை ஆராய்தல், திடீரெனத் தோன்றி மறையும் மூலங்களைத் தேடுதல், தொல்காலத்து ஹைட்ரஜனின் பரவலை அறிதல். மூன்றாவதில் ஒரு வியப்பு உண்டு. ஹைட்ரஜன் வெளியிடும் அலையின் அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸ். தொலைநோக்கி கேட்பதோ 326.5. பேரண்டம் விரிந்ததால் அலை 4.35 மடங்கு நீண்டு அந்த அதிர்வெண்ணில் வந்து சேர்ந்தால், அது பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகளை ஒட்டியிருந்தபோது புறப்பட்டது. நிலா மறைப்புக்காகக் கட்டிய கருவிக்கு இப்படியொரு பயன் வாய்த்திருக்கிறது.

மென்பொருளுக்கு எட்டாதவையும் உண்டு. அலைவாங்கிகள் 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையை மட்டுமே, அதுவும் ஒரே முனைவாக்கத்தில் மட்டுமே ஏற்கின்றன. அதை மாற்ற வேண்டுமானால் உருளையின் மேலேறி 1,056-ஐயும் கழற்றியாக வேண்டும்.