திருடனுக்கு ஓட்டுப் போட்ட மாமா

ரொம்ப நாளா ட்ராஃப்ட்ல கிடந்த பதிவு இது. ஆணி அதிகம், தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. போன வாரம் ஊர்லேர்ந்து ஒரு நண்பன் போன் பண்ணினான். "எவனுக்குடா போடறது? எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டை. அடுத்த தேர்தலுக்கு நான் பூத் பக்கமே போகப்போறதில்ல"ன்னான். உடனே எனக்கு எங்க வீட்டுக்கார மாமா ஞாபகம் வந்துட்டார். சரி, இனியும் தள்ளிப் போடக்கூடாதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கங்க மக்கா.

முதல்ல ஒரு கொசுவர்த்தி. நான் பிரான்சுக்குப் படிக்க வந்து ஏழு மாசம் ஆகியிருந்த நேரம். பாரிசுக்கு வடக்கே சார்செல்ல ஒரு ரூம். வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர், சொல்தாவா இருந்து ரிட்டையர் ஆனவர். (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்களைப் புதுச்சேரியில சொல்தான்னுதான் சொல்வாங்க.) 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, அங்கே பிறந்தவங்க விரும்பினா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கலாம்னு ஒரு வழி இருந்தது. மாமாவோட அப்பா எழுதிக் கொடுத்தார். அதனால மாமா தமிழ் பேசற பிரெஞ்சுக்காரர். ஓட்டு உண்டு. எனக்கு இல்ல.

2022 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜனாதிபதித் தேர்தல் ரெண்டாவது சுற்று. மக்ரோனா, மரீன் லெ பென்னா? வீட்ல காலையிலேர்ந்தே சண்டை. மாமாவோட பொண்ணு நர்ஸ். "அப்பா, இந்த ஆளுக்கு 2017லயே கடன் குடுத்தாச்சு. திருப்பிக் கேட்டா, யாருன்னே தெரியாத மாதிரி பாக்கறான். இந்தத் தடவை நான் வெறும் கவரைத்தான் போடப்போறேன்"னு அக்கா சொல்றாங்க. மாமா பதில் பேசல. உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதுல ஒரு பழைய வாக்காளர் அட்டை. இங்கே ஓட்டுப் போட்டா அட்டையில தேதி முத்திரை குத்துவாங்க. ரெண்டு முத்திரையை விரலால காட்டினார்: 2002 ஏப்ரல் 21, 2002 மே 5.

"இது ஆசைக்குப் போட்டது தம்பி. இது அதுக்குக் கட்டின அபராதம்."

அந்த ரெண்டு முத்திரைக்கு நடுவுல இருக்கற பதினாலு நாள்தான் இந்தப் பதிவு.

பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேர் மட்டும் இரண்டு வாரம் கழித்து மோதுவார்கள். முதல் சுற்றில் மனசுக்குப் பிடித்தவருக்குப் போடு, இரண்டாவதில் பிடிக்காதவரைக் கழித்துக்கட்டு என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வாய்ப்பாடு.

2002இல் ஜனாதிபதி வலதுசாரி ஷாக் ஷிராக், பிரதமர் சோஷலிஸ்ட் லியோனல் ஜோஸ்பான். 1997லிருந்து ஐந்து வருஷம் இரண்டு பேரும் ஒரே அரசாங்கத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்களுக்கு இரண்டு பேர் மேலும் சலிப்பு. ஷிராக் பாரிஸ் மேயராக இருந்த காலத்து ஊழல் புகார்கள் அவரை விடாமல் துரத்தின. டிவி பொம்மலாட்ட நிகழ்ச்சி ஒன்றில் அவரை 'சூப்பர் பொய்யன்' என்று கிண்டல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்பான் நேர்மையானவர், ஆனால் வாத்தியார் மாதிரி விறைப்பு. போதாக்குறைக்கு, தன் தேர்தல் திட்டம் சோஷலிசத் திட்டம் அல்ல என்று தானே சொன்னார். அவர் கட்சிக்காரனே தலையில் கை வைத்துக்கொண்டான்.

கருத்துக்கணிப்புகள் எல்லாம் இரண்டாவது சுற்று ஷிராக் - ஜோஸ்பான் என்றே சொல்லின. அங்கேதான் வினை. முடிவு தெரிந்த ஆட்டம்தானே, முதல் சுற்றில் கொஞ்சம் விளையாடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மொத்தம் 16 வேட்பாளர்கள். அதுவரை பிரான்ஸ் பார்த்திராத எண்ணிக்கை. ஜோஸ்பான் அரசாங்கத்திலேயே பங்கு வகித்த கம்யூனிஸ்டுகள், பசுமைக் கட்சி, இடது ராடிக்கல் எல்லோரும் தனித்தனி ஆள் நிறுத்தினார்கள். அவருடைய பழைய உள்துறை அமைச்சர் ஷெவன்மானும் நின்றார். ட்ராட்ஸ்கியவாதிகள் மட்டும் மூன்று பேர்.

மாமா போட்டது கிறிஸ்தியான் தொபிராவுக்கு. தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவிலிருந்து வந்தவர். ஜனாதிபதித் தேர்தலில் நின்ற முதல் கறுப்பினப் பெண். அடிமை வணிகம் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று பிரான்ஸ் 2001இல் சட்டம் போட்டதே, அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். "நம்மள மாதிரி கடல் தாண்டின மண்ணுலேர்ந்து ஒரு பொண்ணு நிக்குது. அதுக்குப் போடாம வேற யாருக்குப் போடுவேன்? ஜோஸ்பானுக்கு ரெண்டாவது சுத்துல போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றார். தப்பான காரணம் என்று யார் சொல்ல முடியும்?

அன்றைக்கு இரவு எட்டு மணி. டிவியில் இரண்டு முகம் வந்தது. ஒன்று ஷிராக். இன்னொன்று ஜோஸ்பான் இல்லை, தேசிய முன்னணியின் ஜான் மரி லெ பென். நாஜிகளின் விஷவாயு அறைகளை வரலாற்றின் ஒரு சின்ன விவரம் என்று 1987இல் சொன்னவர், அதற்காகக் கோர்ட்டில் தண்டனையும் வாங்கியவர். வெளியூரிலிருந்து வந்தவர்களைத் துரத்துவதே அவர் அரசியல். மாமா மாதிரி தோல் நிறம் உள்ளவர்களுக்கு அது பேப்பரில் படிக்கிற செய்தி இல்லை.

கணக்கைப் பாருங்க:

ஷிராக் 19.88%
லெ பென் 16.86%
ஜோஸ்பான் 16.18%

லெ பென்னுக்கும் ஜோஸ்பானுக்கும் வித்தியாசம் 1,94,600 ஓட்டு. தொபிராவுக்கு விழுந்தது சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம். ஷெவன்மானுக்கு 15 லட்சத்துக்கு மேல். ஓட்டே போடாதவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 17 லட்சம் பேர், அதாவது 28.4%. ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில் அதுவரை இவ்வளவு பேர் வீட்டில் இருந்ததில்லை. ஜோஸ்பான் அன்றைக்கு இரவே அரசியலை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டார்.

(தொபிராவைத் திட்டி இன்னிக்கும் எழுதறவங்க உண்டு. ஆனா வீட்ல தூங்கின ஒரு கோடிப் பேரை விட்டுட்டு, ஒரு பொம்பள மேல மட்டும் பழி போடறது எனக்கு நியாயமா படல.)

அடுத்த நாளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். மே தினத்தில் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், பசுமைக் கட்சி எல்லோரும், நேற்று வரை திட்டிய ஷிராக்குக்குப் போடச் சொன்னார்கள். ஊர்வலத்தில் பிடித்த அட்டைகளில் பிரபலமானது இது: "திருடனுக்குப் போடு, பாசிஸ்டுக்குப் போடாதே." இதைவிடக் கேவலமான சிபாரிசோடு எந்த ஊரிலும் ஒருத்தர் ஜனாதிபதி ஆகியிருக்க மாட்டார் :-)

மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டும் கையில் உறை போட்டுக்கொண்டும் ஓட்டுப் போடலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. யாருக்குப் போட்டோம் என்று வெளியே தெரியும், ரகசியம் கெட்டுப்போகும் என்று அதைத் தடுத்தார்கள். தென் பிரான்சில் வில்மாஞ் என்ற சின்ன ஊரின் மேயர், வாக்காளர்களுக்கு அடையாளமாக ஒரு 'கிருமி நீக்க' ஏற்பாடு செய்துவைத்தார். அரசியலமைப்பு மன்றம் அந்த ஊரின் ஓட்டுகளையே செல்லாது என்று தள்ளிவிட்டது.

மே 5. ஷிராக் 82.21%, லெ பென் 17.79%. முதல் சுற்றில் ஷிராக்கின் சொந்தச் சரக்கு 56 லட்சம் ஓட்டு. இரண்டாவதில் 2 கோடியே 55 லட்சம். மிச்சம் சுமார் 2 கோடி கடன்.

மாமாவும் கொடுத்தார். "கை கூசுச்சு தம்பி. ஆனா போட்டேன்."

இத்தோட முடிச்சா இது பள்ளிக்கூடக் கட்டுரை ஆயிடும். அக்கா கேக்கறது இதுக்கு அப்புறம் நடந்ததை. 82 சதவீதம் வாங்கின ஷிராக் என்ன பண்ணினார்? வலதுசாரிப் பிரதமரைப் போட்டு, வலதுசாரி மந்திரிசபை அமைச்சு, எல்லாம் தன் ஓட்டு மாதிரியே நடந்துக்கிட்டார். கடன் குடுத்த இடதுசாரிகளுக்கு ஒரு டீ கூடக் கிடையாது.

2007இல் ஜனங்கள் பாடம் படித்திருந்தார்கள். முதல் சுற்றிலேயே 83 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவு, லெ பென் பத்து சதவீதத்துக்குச் சுருங்கினார். ஆனால் 2017இல் மகள் மரீன் லெ பென் இரண்டாவது சுற்றுக்கு வந்தபோது 33.90%. வெற்று ஓட்டும் செல்லாத ஓட்டும் மட்டும் 40 லட்சத்துக்கு மேல். 2022இல் 41.45%. அந்தத் தேர்தலின் முதல் சுற்றும் பழைய கதைதான்: இடதுசாரி மெலான்ஷோன், மரீன் லெ பென்னைவிடச் சுமார் 4 லட்சத்து 21 ஆயிரம் ஓட்டுக் குறைவாக வாங்கி மூன்றாவது இடம். கம்யூனிஸ்ட் வேட்பாளர் மட்டும் 8 லட்சம் வாங்கியிருந்தார்.

17, 33, 41. ஒவ்வொரு தடவையும் திருப்பித் தராத கடன், அடுத்த தடவை சுவரில் ஒரு செங்கல்லை உருவிவிடுகிறது. மக்ரோன் 2022இல் ஜெயித்ததும், பலர் என் கொள்கைக்காகப் போடவில்லை என்று எனக்குத் தெரியும் என்றார். அடுத்த வருஷமே ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கும் சட்டத்தை, கீழவையில் வாக்கெடுப்பு இல்லாமல், அரசியலமைப்பின் 49.3 பிரிவை வைத்து நிறைவேற்றினார். அக்காவோட கோபத்தை நான் எங்கே போய் மறுக்க?

49ன்னதும் ஞாபகம் வருது. ஒரு காலத்துல தமிழ்ப் பதிவுகள்ல 49-ஓ பத்தி எழுதாத ஆளே கிடையாது. 2013ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் அது நோட்டா பொத்தான் ஆச்சு. 2021 சட்டமன்றத் தேர்தல்ல, என் முதல் ஓட்டை நான் நோட்டாவுக்குத்தான் போட்டேன். பெரிய புரட்சி பண்ணின மாதிரி விரலைப் படம் எடுத்தும் போட்டேன். பிரான்சுலயும் 2014 சட்டத்துக்கு அப்புறம் வெற்று ஓட்டைத் தனியா எண்றாங்க. ஆனா ரெண்டு ஊர்லயும் அது எத்தனை விழுந்தாலும் முடிவை மாத்தாது. சபையில எழுந்து நின்னு இருமற மாதிரி. கேட்கும், அவ்வளவுதான்.

ஓட்டுப் போடாம இருக்கறது எப்பவுமே முட்டாள்தனம்னும் நான் சொல்லல. 1969ல் இரண்டாவது சுற்றுக்கு வந்தவங்க பொம்பிடு, பொஏர். ரெண்டு பேருமே வலது, மத்தியப் பக்கத்து ஆளுங்க. 21 சதவீதம் வாங்கி மூணாவதா வந்த கம்யூனிஸ்ட் டுக்லோ, ரெண்டும் ஒண்ணுதான், போகாதீங்கன்னார். நம்ம குட்டை - மட்டை கதையேதான். 31 சதவீதம் பேர் போகல. பொம்பிடு ஜெயிச்சார், வானம் இடிஞ்சு விழல. அன்னிக்கு மட்டைகள் நிஜமாவே ஒரே குட்டை. 2002ல் அப்படி இல்ல. ஆக, 'எல்லாரும் ஒண்ணுதான்'ங்கறது சலிப்புல வர்ற பெருமூச்சா, நிஜமாவே சரிபார்த்த கணக்கான்னு நாமதான் பாத்துக்கணும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாகூட நானும் வாக்குச்சாவடி வரைக்கும் போனேன். ஒரு பள்ளிக்கூடம். இங்கே மெஷின் இல்ல. மேசை மேல ஒவ்வொரு வேட்பாளர் பேர்லயும் ஒரு அடுக்குத் துண்டுச்சீட்டு. ரெண்டையும் எடுத்துக்கிட்டு, ஒரு கவரோட திரைக்குப் பின்னாடி போகணும். ஒண்ணைக் கவர்ல போட்டு, இன்னொண்ணைக் கசக்கிடணும். கண்ணாடிப் பெட்டியில கவர் விழுந்ததும் அதிகாரி சத்தமா "ஓட்டுப் போட்டாச்சு!"ன்னு சொல்வார். மாமா போட்டுட்டு வந்தார். அக்கா பின்னாடியே போய்ப் போட்டாங்க. வெறும் கவரா இல்லையான்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

திரும்பி வரும்போது நான் மாமாகிட்ட கேட்டேன். "2002ல் அந்தத் திருடனுக்குப் போட்டது சரின்னு இன்னும் நினைக்கறீங்களா?"

"தம்பி, 2006ல் சின்னப் பசங்களுக்கு வேலைச் சட்டம் ஒண்ணு கொண்டாந்தான். ரெண்டு வருஷத்துக்குள்ள காரணமே சொல்லாம வேலையை விட்டுத் தூக்கலாம்னு. பசங்க எல்லாம் தெருவுக்கு வந்தாங்க. வாபஸ் வாங்கினானா இல்லையா? 2011ல் பழைய ஊழலுக்கு அவனையே கோர்ட்டு தண்டிச்சுது. நான் ஓட்டுப் போட்டவனை எதிர்த்து என்னால தெருவுல நிக்க முடிஞ்சுது. இன்னொருத்தன் வந்திருந்தா, முதல்ல என் பேப்பரைக் காட்டச் சொல்லியிருப்பான்."

இதைத்தான் என் நண்பனுக்குச் சொன்னேன். வேட்பாளரைப் பிடிக்கலைங்கறது பெரிய விஷயமே இல்ல. ஓட்டு நல்லவன் சர்டிபிகேட் இல்ல. அடுத்த அஞ்சு வருஷம் யாரோட சண்டை போடப்போறோம்னு நாம தேர்ந்தெடுக்கறது அது. எதிர்த்தா பின்வாங்கற ஆளா, எதிர்க்கற வாயையே அடைக்கற ஆளா? அந்த வித்தியாசம் இருந்தா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போடு. போட்டதோட வீட்டுக்கு வந்து படுத்துடாதே, கடன் குடுத்தவன் மாதிரி வாசல்ல போய் நில்லு. அக்காவோட கோபம் தேவைப்படறது அங்கேதான்.

அவன் "யோசிக்கறேன்"னு சொல்லிட்டு போனை வெச்சுட்டான். வெளிநாட்டுல இருக்கற இந்தியன் நேர்ல ஊருக்குப் போனாதான் ஓட்டு. டிக்கெட்டுக்குக் காசில்லாத எனக்கு ரெண்டு ஊர்லயும் இப்போதைக்கு வாய் மட்டும்தான் :-)

இந்த ஊர்ல அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வர்றது 2027ல். மாமா பிஸ்கட் டப்பாவை இன்னும் தூக்கிப் போடல.

நீங்க யாராவது பிடிக்காத ஆளுக்கு, தெரிஞ்சே ஓட்டுப் போட்டிருக்கீங்களா? ஏன் போட்டீங்க, அப்புறம் வருத்தப்பட்டீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. கட்சிச் சண்டை மட்டும் வேணாம், ப்ளீஸ்.