ஒரு வாட் எவ்வளவு தூரம் போகும்?



வீட்டில் பாட்டுக் கேட்க ஆம்பிளிஃபயர் வாங்கப்போகும் பழைய மாணவர்கள், "சார், நூறு வாட்ஸ் போதுமா, இருநூறு வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். எந்த ஸ்பீக்கர் என்று மட்டும் சொல்வதில்லை. அது தெரியாமல் பதிலே கிடையாது. காரணத்தை நம் ஊர் மைக்செட்டிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை எந்த ஊரில் விசேஷம் என்றாலும், தென்னை மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள். பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும். பந்தலுக்குள் இருந்த வால்வு ஆம்பிளிஃபயரோ சில பத்து வாட்தான். கடலோரக் குப்பங்களில் அலை இரைச்சலையும் மீறிக் கேட்டாக வேண்டும். அங்கேயும் அதே செட்தான்.

அந்த வேலையைச் செய்தது கூம்பு. காற்று மிக லேசானது. சின்னத் தகடு எவ்வளவு அதிர்ந்தாலும் அந்தச் சக்தியைக் காற்று எளிதில் வாங்கிக்கொள்ளாது. கூம்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து அதை வாங்க வைக்கிறது. நாதஸ்வரத்தின் அணசு விரிந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறதோ, அதுதான் ஸ்பீக்கரின் உணர்திறன். நல்ல கூம்பு 106 டெசிபெல் தரும். இன்று அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் 86 தரும். 20தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பத்து டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு சக்தி, இருபதுக்கு நூறு மடங்கு. கூம்பு ஒரு வாட்டில் செய்வதைச் செய்ய அதற்கு நூறு வாட் வேண்டும்.

1915இல் ஜென்சனும் பிரிதமும் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்குப் பாட்டையும் பேச்சையும் கேட்க வைத்தது கூம்பு வழியாகத்தான். 1930இல் சென்னை மாநகராட்சி வானொலி நடத்தத் தொடங்கியபோது மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்க வைத்தார்கள். 1930களின் சினிமாக் கொட்டகைகளுக்கு வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்த ஆம்பிளிஃபயர்களில் ஒன்று வெறும் 8 வாட். இன்று மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கூட அதைவிட அதிகமாகச் சொல்லிக்கொள்கிறது! வால்வில் வாட் விலை அதிகம். அதனால் ஒவ்வொரு வாட்டையும் வீணாக்காத ஸ்பீக்கரைத் தேடினார்கள்.

ஆனால் மரத்தில் கட்டிய கூம்பில் டி.எம்.எஸ். குரல் கேட்கும், தவிலின் தொப்பி கேட்காது. அடிநாதம் வேண்டுமென்றால் கூம்பு ராட்சச அளவுக்குப் பெருக வேண்டும். 1946இல் பால் கிளிப்ஷ் அதை மடித்து அறையின் மூலையில் உட்காரவைத்தார். அப்போதும் அது ஒரு பீரோ அளவு. 1954இல் எட்கர் வில்சர் வேறு வழி பிடித்தார். காற்றுப் புகாத சின்னப் பெட்டி, அதில் ஆழமான அடிநாதம். அதற்கு விலையாகச் சக்தியை விழுங்கியது. சின்னப் பெட்டி, ஆழ்ந்த அடிநாதம், குறைந்த வாட்டில் அதிக ஓசை: இம்மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்று ஹாஃப்மன் என்ற பொறியாளர் கணக்கே போட்டார். பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கியது. ஸ்பீக்கர் எவ்வளவு விழுங்கினால் என்ன என்ற மெத்தனமும் கூடவே வந்தது. பி.பி.சி. 1970களில் வடிவமைத்த புகழ்பெற்ற சின்ன ஸ்பீக்கரின் உணர்திறன் 83 டெசிபெல் அளவுதான். குரலுக்கு அருமை, ஆனால் பெரிய சாப்பாட்டுக்காரன்.

நம் வீடுகளில் 1990களில் நடந்தது சுத்த ஏமாற்று. உள்ளங்கையில் அடங்கும் செட்டில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று ஒட்டிவைத்து விற்றார்கள். ஒரு கண நேர உச்சத்தைக் காட்டும் எண் அது. உண்மையில் தொடர்ந்து தரும் சக்தி சில வாட்தான். வாட் என்றால் சத்தம் என்ற நம்பிக்கை அப்போது வந்ததுதான், இன்னும் போகவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நூறுக்குப் பதில் இருநூறு வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபெல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். 86 ஸ்பீக்கருக்கு 100 வாட் தேவை என்றால், 89க்கு 50, 92க்கு 25. ஆகவே பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். சாதாரண ஹாலில் மெதுவாகக் கேட்க ஒரு வாட்டே போதும். மிருதங்க அடி விழும் கணத்துக்குத்தான் பத்து, இருபது மடங்கு கையிருப்பு வேண்டும். சின்ன ஆம்பிளிஃபயரை முழுக்கத் திருகி வைத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கீச்சொலி தரும் ட்வீட்டர்தான் முதலில் கருகும். பெரிய ஆம்பிளிஃபயர் கெடுக்கும், சின்னது கெடுக்காது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வாங்குமுன் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அங்கே வாட் என்று இருப்பது அது தாங்கும் அளவு. டெசிபெல் என்று போட்டிருக்கும் எண்தான் எனக்கு வேண்டும். ஹாலின் நீள அகலத்தையும் எழுதுங்கள்.