இயற்கை ஒலிச் சிகிச்சை

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிகளின் பதற்றத்தைத் தணிக்க, மழை, ஓடை, கடலலை, பறவைக் குரல் ஆகியவற்றின் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்யும் முறை இயற்கை ஒலிச் சிகிச்சை எனப்படும். இது மருந்துக்கு மாற்று அல்ல, துணை.

தேவை

செயற்கைச் சுவாசக் கருவியான வென்டிலேட்டரின் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே செல்வதால் அதிலிருக்கும் நோயாளியால் பேச முடியாது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட வழியில்லை. மானிட்டர் அலாரமும் பக்கத்துக் கட்டில் பேச்சும் இரவெல்லாம் காதில் விழும். மருத்துவமனை அறையில் இரவு இரைச்சல் 30 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. இங்கிலாந்தின் 5 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்விலோ, சராசரி ஒலி எந்நேரமும் 45 டெசிபெல்லைத் தாண்டியிருந்தது. இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கமின்மை மனக்குழப்பத்துக்கு இடம் கொடுக்கும்.

செயல்படும் விதம்

அச்சம் பரிவு நரம்புகளைத் தூண்டும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ஓடையின் சீரான ஒலி, திடீர் சத்தங்களை ஓரளவு மறைக்கிறது. ஆபத்து எதையும் உணர்த்துவதில்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2010இல், மனக்கணக்குப் போட்டு மன அழுத்தத்துக்கு ஆளான தன்னார்வலர்களைச் சோதித்தனர். வாகன இரைச்சலைவிட நீரூற்று, பறவை ஒலிகளைக் கேட்டபோது, அழுத்தத்தின் அடையாளமான தோலின் மின்கடத்தல் விரைவாகத் தணிந்தது.

மருத்துவச் சான்று

ஈரானில் வென்டிலேட்டரில் இருந்த 60 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஹெட்போனில் 90 நிமிடம் இயற்கை ஒலி கேட்கச் செய்தனர். மறு குழுவுக்கு ஒலியில்லாத ஹெட்போன். ஒலி கேட்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் பதற்றமும் கிளர்ச்சியும் குறைந்தன. ஆனால் இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. யாருக்கு ஒலி கேட்கிறது என்பதை நோயாளியிடம் மறைக்கவும் இயலாது.

நடைமுறை

எந்த ஒலி வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்தெடுப்பது நல்லது. அலையில் சிக்கிப் பிழைத்தவருக்குக் கடலொலி நடுக்கம் தரலாம். பேச முடியாதவரிடம் ஒவ்வொரு ஒலியாகப் போட்டுக் காட்டி, தலையசைப்பையோ கையழுத்தத்தையோ பதிலாகக் கொள்ளலாம். முகம் சுளித்தால் உடனே நிறுத்த வேண்டும். ஹெட்போன் அழுத்திக் காதுமடல் சிவந்திருக்கிறதா என்று செவிலியர் பார்ப்பதும், அடுத்த நோயாளிக்கு மாட்டும் முன் ஹெட்போனைக் கிருமிநீக்கம் செய்வதும் அவசியம்.

நவீன செவிலியத்தின் முன்னோடி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியப் பணி நூலில் இரைச்சலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதே அக்கறையோடு, ஹெட்போன் மாட்டும் முன் தேவையற்ற அலாரத்தை நிறுத்தி, கட்டிலருகே குரலைத் தாழ்த்துவதே இந்தச் சிகிச்சையின் முதல் படி.