தவணையா, மொத்தமா? கென்யக் கிராமங்களின் கூரைக் கணக்கு

ஏழையின் கையில் காசைக் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவான் என்ற பேச்சு எந்த ஊரிலும் உண்டு. மேற்குக் கென்யாவின் ரரியெடா வட்டாரத்தில் 2011 முதல் 2013 வரை நடந்த ஆய்வு அதைப் பொய்யாக்கியது. பணம் பெற்ற வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடவில்லை. ஆனால் யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபரும் ஜெரமி ஷாபிரோவும் 2016இல் வெளியிட்ட அந்த ஆய்வில் அதிகம் கவனிக்கப்படாத சேதி வேறொன்று. பணம் எப்படி வந்து சேர்கிறதோ, அதைப் பொறுத்தே அது சோறாவதும் கூரையாவதும்.

வீட்டுக்குப் புல் கூரை இருந்தால் உதவி பெறலாம். கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் எம்-பெசா என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகக் கைபேசிக்கே பணம் அனுப்பியது. இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கொடுத்த தொகைகளில் சிறியது 25,200 ஷில்லிங். சில வீடுகள் அதை ஒரே தடவையில் பெற்றன. சில வீடுகளுக்கு மாதம் 2,800 வீதம் ஒன்பது மாதம் வந்தது. யாருக்கு எந்த முறை என்பது குலுக்கலில் முடிவானது.

மாதப் பணம் அடுப்புக்குப் போயிற்று. மொத்தப் பணம் தகரக் கூரை போன்ற நீடித்து நிற்கும் பொருள்களாயிற்று.

புல் கூரையை ஓரிரு ஆண்டுக்கொரு முறை பிரித்து வேய வேண்டும். புல்லுக்கு விலை, வேய்பவருக்குக் கூலி, அதற்கு முன்பே மழை பெய்தால் ஒழுகல். தகரம் போட்டுவிட்டால் அந்தச் செலவு பல ஆண்டுகளுக்கு இல்லை. இது தெரியாமலா அவர்கள் புல்லுக்கடியில் இருந்தார்கள்? தகரத்துக்கான தொகை ஒருசேரக் கையில் நின்றதில்லை. கடன் கொடுக்க ஆளில்லை, சேர்த்து வைத்தால் வீட்டுத் தேவை விழுங்கிவிடும். நம் ஊரில் பெண்கள் சீட்டுக் கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பணம் அந்த வீட்டோடு நிற்பதில்லை. பின்னர் சியாயா மாவட்டத்தின் 653 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில் 10,500க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் கிடைத்தது. எட்வர்ட் மிகெல் உள்ளிட்டோர் 2022இல் வெளியிட்ட முடிவின்படி, கொடுத்த ஒவ்வொரு டாலரும் வட்டாரப் பொருளாதாரத்தை ஏறக்குறைய இரண்டரை டாலர் வளர்த்தது. பணம் பெறாத வீடுகளிலும் செலவு கூடியது, விலைவாசியோ 0.1 விழுக்காடு அளவிலேயே உயர்ந்தது. ஆள் வராமல் காத்துக் கிடந்த கடைகளுக்குப் புதிதாக முதல் போடாமலே வியாபாரம் பெருக முடிந்தது.

ரரியெடாவில் கல்வியிலும் உடல்நலத்திலும் அந்தக் குறுகிய காலத்துக்குள் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆகும் செலவை நிறுத்தி எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்று வாதிடுவோருக்கு இந்த ஆய்வு துணை வராது.

கென்ய அரசின் இனுவா ஜாமி திட்டம் முதியோருக்கு மாதம் 2,000 ஷில்லிங் தருகிறது. பசிக்கு அது சரியான மருந்து. கூரைக்கு அல்ல: ஒரு காசும் செலவழிக்காமல் எடுத்து வைத்தாலும், ரரியெடாவின் சிறிய தொகையை எட்ட 13 மாதம் ஆகும், இடையில் ஏறிய விலைவாசியைக் கணக்கில் சேர்க்காமலே.