ஜாஸ் இசையின் ஆசான்: மேரி லூ வில்லியம்ஸ் (1910–1981)



இயல்பாகவே திறமையுள்ள குழந்தையை முறையான பயிற்சிக்கு அனுப்பினால் அத்திறமை வளருமா, மங்குமா? பெற்றோர் பலர் ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்வி இது. ஆசிரியர்களாகிய நாமும் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான். இதற்கு விடை தேடும்போது, அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கை வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரிகிறது. பியானோக் கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கிய மேரி லூ வில்லியம்ஸ் அம்மையாரே அவர்.

ஜாஸ் இசையைப் பற்றி அதிகம் அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற இசை ஜாஸ். அதன் உயிர்நாடி, மேடையிலேயே கற்பனையாக விரித்து வாசிப்பதாகும். நம் கருநாடக இசையில் மனோதர்மம் என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அதைப் போன்றது. ஏட்டில் எழுதப்பட்டதை மட்டும் வாசிப்பவர் அங்கே முழுமையான கலைஞராகக் கருதப்படமாட்டார்.

தாயின் அச்சம்

மேரி 1910-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். இயற்பெயர் மேரி எல்ஃபிரீடா ஸ்க்ரக்ஸ். தாயார் வெர்ஜீனியா, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் பயிற்சி பெற்றவர். குழந்தையை மடியில் அமர்த்திக்கொண்டு வாசிப்பது அவர் வழக்கம். ஒருநாள் தாய் வாசித்து முடித்த பகுதியை மடியிலிருந்த குழந்தை அப்படியே திருப்பி வாசித்ததாம். அப்போது மேரிக்கு வயது மூன்றுதான் இருக்கும்.

இத்தகைய குழந்தையைப் பெற்றவர் உடனே நல்ல ஆசிரியரைத் தேடி ஓடுவார் என்றுதான் நாம் எண்ணுவோம். அந்தத் தாயோ அதற்கு நேர்மாறாக, ஆசிரியரிடம் அனுப்பவே மறுத்துவிட்டார். காரணம் அவருடைய சொந்த அனுபவம். முறையாகப் பயின்ற பிறகு, தாளைப் பார்க்காமல் தாமாக வாசிக்கும் ஆற்றலை அவர் இழந்திருந்தார். தம் மகளுக்கும் அந்நிலை வந்துவிடக் கூடாது என்று அவர் அஞ்சினார். அதற்கு மாற்றாக, இசைக்கலைஞர்களை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் செய்து, மகளைக் கேட்க வைத்தார். நாம் கேள்வி ஞானம் என்று போற்றுவது இதைத்தானே!

மேரிக்கு நான்கைந்து வயதானபோது குடும்பம் பிட்ஸ்பர்க் நகரில் குடியேறியது. அங்கே வெள்ளையர்களான அண்டை வீட்டார் சிலர் அவர்களுடைய வீட்டின்மீது செங்கற்களை வீசினர். சிறுமியின் வாசிப்பைக் கேட்ட பின்னரே அத்தொல்லை ஓய்ந்தது என்று மேரி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் அவர்களே தங்கள் இல்லங்களுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாழ்ந்த ஈஸ்ட் லிபர்ட்டி வட்டாரத்தில் ‘சின்னப் பியானோச் சிறுமி’ என்றே அவரை அழைத்தனர்.

அந்த நாள்களில் அவர் கண்ட ஒரு காட்சி அவருடைய வாழ்க்கைக்கே வழிகாட்டியது. நகர அரங்கு ஒன்றில் லவ்வி ஆஸ்டின் என்ற பெண் கலைஞர், இடக்கையால் பியானோ வாசித்துக்கொண்டே, அடுத்த நிகழ்ச்சிக்கான இசையை வலக்கையால் எழுதிக்கொண்டிருந்தார். தாமும் ஒருநாள் அப்படிச் செய்ய வேண்டும் என்று அச்சிறுமி உறுதி பூண்டாள். ஒரு பெண் குழந்தைக்கு இத்தகைய முன்மாதிரி எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

தேவை வந்தபோது கற்றார்

பதின்ம வயதிலேயே ஊர் ஊராகச் செல்லும் கலைக்குழுவில் சேர்ந்த மேரி, அக்குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் வில்லியம்சை மணந்தார். 1929-ஆம் ஆண்டில் ஜான், ஆண்டி கிர்க் தலைமையிலான ‘டுவெல்வ் கிளவுட்ஸ் ஆஃப் ஜாய்’ என்னும் இசைக்குழுவில் இருந்தார். அவ்வாண்டு கான்சஸ் சிட்டியில் ஒலிப்பதிவு நிறுவனத்தார் அக்குழுவின் வாசிப்பைக் கேட்க வந்தபோது, வழக்கமான பியானோக் கலைஞர் வரவில்லை. அந்த இடத்தில் மேரி அமர்ந்தார். 1930-இல் ‘நைட் லைஃப்’, ‘டிராக் எம்’ ஆகிய இரு தனி வாசிப்புகளை அவர் சிகாகோவில் பதிவு செய்தார். ‘மேரி லூ’ என்னும் பெயரும் அப்போது ஒலிப்பதிவுக்காக வைக்கப்பட்டதுதான்.

இக்காலத்தில்தான் கேள்வி ஞானத்தின் எல்லையை அவர் உணர்ந்தார். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, எந்தக் கருவி எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதித் தரும் பணியை இசைக்கோப்பு என்பர். மேரியின் மனத்தில் அக்கோப்புகள் முழுமையாக ஒலித்தன. அவற்றை எழுதத்தான் தெரியவில்லை. முதலில் அவர் சொல்லச் சொல்ல ஆண்டி கிர்க் எழுதினார். பின்னர் அவரிடமே அடிப்படைகளைக் கேட்டறிந்து மேரி தாமே எழுதத் தொடங்கினார்.

அவருடைய முதல் முயற்சி எப்படி இருந்தது தெரியுமா? குழுவிலிருந்த கருவிகளுள் பாதிக்கு எட்டாத சுரங்களை அவர் எழுதியிருந்தார். ஆயினும் குழுவினர் அவருக்கு மீண்டும் மீண்டும் வாய்ப்பளித்தனர். ஒவ்வொரு முறையும் கோப்பு செம்மையடைந்தது. சில காலத்தில் வாரத்திற்கு ஐந்தாறு கோப்புகள் எழுதும் அளவுக்கு அவர் தேர்ச்சி பெற்றார். 1936-இல் அவர் எழுதிய ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’ அக்குழுவின் புகழை உயர்த்தியது. 1937-இல் பென்னி குட்மன் குழுவுக்காக அவர் இயற்றிய ‘ரோல் எம்’ நாடெங்கும் ஒலித்தது. டியூக் எலிங்டனுக்கும் அவர் எழுதித் தந்தார். ஆண்களே ஆட்சி செலுத்திய அத்துறையில், பியானோ வாசிக்கும் பெண்ணாக மட்டுமன்றி, குழுவின் ஒலியையே வடிவமைக்கும் ஆளுமையாக அவர் உயர்ந்தார்.

நியூயார்க்கில் ஓர் இல்லப் பள்ளி

1942-இல் அக்குழுவிலிருந்து விலகிய மேரி, பின்னர் நியூயார்க்கில் குடியேறினார். அங்கே ‘கஃபே சொசைட்டி’ என்னும் அரங்கில் நெடுநாள் வாசித்தார். வானொலியில் வார நிகழ்ச்சி ஒன்றும் நடத்தினார். பன்னிரண்டு இராசிகளை அடிப்படையாகக் கொண்ட ‘ஸோடியாக் சூட்’ என்னும் தொகுப்பின் பகுதிகள் அந்நிகழ்ச்சியில் அறிமுகமாயின. ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த இராசியில் பிறந்த கலைஞர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் காணிக்கையாக்கினார். 1945-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் அது இசைக்குழுவுடன் அரங்கேறியது. ஜாஸ் இசையையும் ஐரோப்பியச் செவ்வியல் இசையையும் இணைக்க முயன்ற தொடக்ககாலப் படைப்புகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும், ஓர் ஆசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய ஹார்லெம் இல்லமே. அக்காலத்தில் ‘பீபாப்’ என்னும் புதிய பாணி எழுந்தது. விரைவான நடையும் சிக்கலான சுரச்சேர்க்கைகளும் கொண்ட அப்பாணியை லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற மூத்தோர் சிலர் வெளிப்படையாகக் குறைகூறினர். மேரியோ தம் வீட்டுக் கதவை இளைஞர்களுக்குத் திறந்து வைத்தார். தெலோனியஸ் மங்க், பட் பவல், டாட் டேமரன், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றோர் இரவுப் பணி முடிந்து அங்கே கூடுவார்கள். புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். மேரி கருத்துரைப்பார், கூடவே அவர்களிடமிருந்து தாமும் கற்றுக்கொள்வார்.

அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இசையிலேயே சான்று உண்டு. மங்கின் புகழ்பெற்ற ‘ரிதம்-அ-னிங்’ என்ற படைப்பின் முதன்மைச் சுரத்தொடரை, மேரியின் 1936-ஆம் ஆண்டு ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’ கோப்பிலேயே நாம் கேட்கலாம். மேரியும் இளைஞர்களின் பாணியில் எழுதினார். 1949-இல் கில்லெஸ்பி குழு பதிவு செய்த ‘இன் தி லேண்ட் ஆஃப் ஊ-ப்ளா-டீ’ அதற்கு எடுத்துக்காட்டு.

மௌனமும் மீட்சியும்

1952-இல் ஐரோப்பா சென்ற மேரி, 1954-இல் பாரிஸ் நகரில் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். உடலும் உள்ளமும் களைத்திருந்தன. நியூயார்க் திரும்பிய பின்னர் வழிபாட்டிலும் தொண்டிலும் மனத்தைச் செலுத்தினார். போதைப் பழக்கத்தால் சீரழிந்த இசைக்கலைஞர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பேணினார். 1957-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். இசையை விடுவது தொண்டாகாது, இசையே தொண்டாகட்டும் என்று அருட்தந்தையர் சிலரும் நண்பர்களும் வற்புறுத்தினர். அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் கில்லெஸ்பி குழுவுடன் மீண்டும் மேடையேறினார். அடுத்த ஆண்டு, நலிந்த கலைஞர்களுக்கு உதவ ‘பெல் கான்டோ’ அறநிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு நிதி திரட்டப் பழைய பொருள்களை விற்கும் கடையொன்றையும் நடத்தினார்.

அதன்பின் அவர் இசை சமயப் பாதையில் சென்றது. பெரு நாட்டின் கறுப்பினப் புனிதரான மார்ட்டின் தெ போரஸைப் போற்றும் பாடலை 1962-இல் அரங்கேற்றினார். பிட்ஸ்பர்க்கில் ஒரு பெண்கள் பள்ளியில் கற்பித்தபோது, மாணவியருக்காகவே ஒரு திருப்பலி இசையை எழுதினார். அது 1967-இல் அந்நகரப் பேராலயத்தில் பாடப்பட்டது. பின்னர் எழுதிய மற்றொரு திருப்பலி இசைக்கு 1971-இல் ஆல்வின் ஐலி நடனம் அமைத்தார். ‘மேரி லூஸ் மாஸ்’ எனப் பெயர்பெற்ற அவ்விசை, 1975-இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்திலும் ஒலித்தது. கேளிக்கை விடுதிகளின் இசை என்று ஒதுக்கப்பட்ட ஜாஸ், பேராலயத்தின் திருப்பலியில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

பல்கலைக்கழக வகுப்பறையில்

1977-இல் வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகம் அவரைத் தங்குநிலைக் கலைஞராக அமர்த்தியது. பள்ளி வழியே இசை கற்காத அவர், பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஜாஸ் வரலாற்றைக் கற்பித்தார். அவருடைய பாடநூல் பியானோதான். அடிமைக்கால ஆன்மிகப் பாடல், ராக்டைம், ப்ளூஸ், ஸ்விங், பீபாப் என்று ஒவ்வொரு காலத்தையும் வாசித்தே விளக்குவார். ஜாஸ் வரலாற்றை ஒரு மரமாக வரையச் செய்து பயன்படுத்தினார். அம்மரத்தின் வேரில் இடம்பெற்ற சொல் ‘துன்பம்’. தம் மக்கள் பட்ட துன்பத்தில் இவ்விசை வேரூன்றியது என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

அதே 1977-இல், அறுபத்தாறாம் வயதில், புதுமையின் உச்சியில் நின்ற செசில் டெய்லருடன் கார்னகி ஹால் அரங்கில் இணைந்து வாசிக்கவும் அவர் தயங்கவில்லை. இறுதிக் காலத்தில் சிறுவர்க்கு ஜாஸ் இசையைக் கொண்டுசெல்லத் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1981-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், புற்றுநோயால் டர்ஹம் நகரில் காலமானார். டியூக் பல்கலைக்கழகம் 1983-இல் கறுப்பினப் பண்பாட்டு மையம் ஒன்றை நிறுவி அவர் பெயரைச் சூட்டியது.

நாம் பெறும் பாடம்

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தத் தாய் அஞ்சியது சரியா?

ஒரு வகையில் சரியே. எழுத்தைக் காட்டுவதற்கு முன் செவியைத் திறக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். மொழிக்கும் இது பொருந்தும். கதையும் பாட்டும் உரையாடலும் காதில் விழாத குழந்தைக்கு, எழுத்தும் இலக்கணமும் சுமையாகவே தோன்றும். மனனம் செய்த கட்டுரையை ஒப்புவிக்கும் மாணவன், தாளைப் பார்க்காமல் வாசிக்க இயலாத அந்தத் தாயின் நிலையில்தான் இருக்கிறான்.

எனினும் அச்சம் மட்டுமே முழு விடையாகாது. எழுதக் கற்றதால் மேரியின் கற்பனை குன்றவில்லை. மனத்தில் இருந்ததை வெளிக்கொணர எழுத்து தேவைப்பட்டபோது அவர் அதைக் கற்றார். அதனால் அது அவருக்குத் தளையாகாமல் கருவியாயிற்று. முதல் தாளைக் கண்டு குழுவினர் எள்ளி நகையாடி நிறுத்தியிருந்தால், ஜாஸ் உலகம் ஒரு மாபெரும் இசையமைப்பாளரை இழந்திருக்கும். பிழை மலிந்த முதல் கட்டுரையை நம் மேசைமீது வைக்கும் மாணவனுக்கு இரண்டாம் தாளைக் கொடுக்கிறோமா என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, வீட்டில் குழந்தைகளைக் கேட்க வையுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் அவர்களை வாசிக்க விடுங்கள். அவர்கள் வாசிப்பதை நாமும் செவிமடுப்போம்.