மதகு யார் கையில்? அச்சுக்கூடம் முதல் மாஸ்டடான் வரை



ஒடுக்கப்பட்டோரின் பேச்சுரிமை வரலாறு, அச்சுக்கூடம் யார் கையில் இருந்தது என்பதன் வரலாறும்தான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1920 ஜனவரி 31இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வெளிவந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. அடுத்தவர் இதழில் இடம் கேட்டு நிற்பதில் பயனில்லை என்பது இம்மூவரின் வரலாறும் நமக்குச் சொல்லும் பாடம்.

நூறாண்டு கழித்து அதே கேள்வி கைப்பேசித் திரையில் வந்து நின்றது. 2018 நவம்பரில் இந்தியா வந்த ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி, பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்க்கச் சொல்லும் பதாகையைக் கையில் பிடித்து நின்ற படம் வெளியானது. பதாகையை வரைந்தவர் தேன்மொழி சௌந்தரராஜன். எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனத்தின் உயரதிகாரி மன்னிப்புக் கேட்டார். 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு முடக்கப்பட்டது; பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டது. நீலக் குறி வழங்குவதிலும் சாதி பார்க்கப்படுகிறது என்று தலித் பகுஜன் பயனர்கள் குற்றம்சாட்டினார்கள். அந்த நாட்களில்தான் இந்தியாவிலிருந்து பெருங்கூட்டம் மாஸ்டடானுக்குப் போனது.

மாஸ்டடான் என்பது என்ன? 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ என்ற இளைஞர் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதற்கு ஒரே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் தம் சொந்த சர்வரில் அதை நிறுவலாம். ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். அந்தப் பேச்சுக்கான பொது விதிமுறையை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது.

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இதை நீரை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா கால்வாய் நம் கண்ணெதிரே பூண்டிக்குப் போகிறது. தண்ணீரைத் திறந்துவிடும் இடமோ கண்டலேறு. பெருநிறுவன ஊடகம் அப்படிப்பட்டது. மாஸ்டடான் நம் மாவட்டத்துச் சங்கிலி ஏரிகளைப் போன்றது. ஒவ்வோர் ஏரிக்கும் தனிக் கரை, தனி மதகு. ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும்.

ஆனால் நாம் இங்கே நின்றுவிட முடியாது. ஏரி ஊரில் இருந்ததால் நீர் நமக்குக் கிடைத்துவிட்டதா? மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளில் பலர் நம்மவர்கள். மடை திறக்கும் வேலை நம்முடையது. நிலமும் நீரும் ஊராருடையது. அதிகாரத்தைப் பிரித்து ஊருக்குக் கொடுத்தால் அது ஊரின் ஆதிக்கச் சாதிக்கே போய்ச் சேரும் என்பதை நாம் அறிவோம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அரசியல் அமைப்பின் அடிப்படை அலகாக வைக்கச் சொன்னவர்களை அம்பேத்கர் கடுமையாக மறுத்துப் பேசியதும் இதனால்தான். தனிமனிதரே அலகு என்றார் அவர்.

சர்வரும் ஒரு ஊர்தான். நிர்வாகியே அதன் நாட்டாமை. மென்பொருள் கட்டற்றது என்பதால் நல்லவர் மட்டுமே அதை எடுத்துக்கொள்வார்கள் என்பதுமில்லை. 2019இல் அமெரிக்காவின் தீவிர வலதுசாரிகள் கூடும் 'கேப்' தளம் இதே மாஸ்டடான் நிரலை எடுத்துக்கொண்டது. உரிமம் அதைத் தடுக்கவில்லை. தடுத்தவர்கள் மற்ற சர்வர்களின் நிர்வாகிகள். பலர் அந்தத் தளத்தோடு தொடர்பைத் துண்டித்தார்கள். நிரல் தராத பாதுகாப்பைக் கூடியிருந்த மக்களின் பண்பாடுதான் தந்தது.

அந்தப் பண்பாட்டுக்குச் சாதி தெரியுமா? 2019 மே மாதம் மாஸ்டடான் வெளியிட்ட சர்வர் உடன்படிக்கை இனவெறி, பாலினப் பாகுபாடு, தன்பாலின வெறுப்பு, திருநர் வெறுப்பு ஆகிய நான்கையும் பெயர் சொல்லித் தடுக்கக் கோரியது. சாதி அதில் இல்லை. இன்று அதன் முதன்மைச் சர்வரின் விதிகளில் சாதியமும் தடைசெய்யப்பட்ட ஒன்று. இது சிறிய செய்தி அல்ல. விதியில் பெயர் இருந்தால்தான் புகார் கொடுக்க முடியும். ஆனால் தமிழில் எழுதப்படும் ஒரு வசவை, ஓர் அடைமொழியை, ஒரு 'குலத்தொழில்' கிண்டலைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிர்வாகி இல்லாத இடத்தில் அந்த விதி ஏட்டுச் சுரைக்காய்தான்.

2019இல் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். உறவும் வாசகரும் பழைய இடத்திலேயே இருந்தார்கள். வாடகை வீட்டிலிருந்து வேறொரு வாடகை வீட்டுக்குப் போனதாக அந்தப் பயணம் முடிந்தது. சொந்தமாகக் கட்டும் வேலை தொடங்கவே இல்லை.

கட்டும் வேலைக்கு முன்னுதாரணம் இருக்கிறது. பெங்களூரு சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் தொண்டர்களும் அப்பகுதி மக்களும் அம்பேத்கர் பெயரில் ஒரு சமூகக் கணினி மையம் அமைத்தார்கள். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் அங்கே கட்டற்ற மென்பொருளில் படம் வரையக் கற்றார்கள். தமிழில் 2012 முதல் 'கணியம்' இத்துறையை எளிய மொழியில் எழுதிவருகிறது.

எனவே மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் இளைஞருக்கும் கைப்பேசி இருக்கிறது. சர்வரை நடத்தத் தெரிந்தவர் நம்மில் சிலராவது உருவாக வேண்டும். விதிகளைத் தமிழில் எழுதுவோம். சாதியை முதல் வரியில் வைப்போம். நிர்வாகத்தில் பெண்கள் பாதியாக இருக்கட்டும். கடவுச்சொல் ஒருவர் பையில் கிடக்கக் கூடாது. நிர்வாகி முறை வைத்து மாறட்டும், கணக்கு வழக்கு கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். மதகு நம் ஊருக்கு வந்தால் மட்டும் போதாது, தோழர்களே. அதன் சாவி எல்லோர் கைக்கும் வர வேண்டும்.