பேருந்துக் கூரையில் கதிரவன்

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். ஏலத்தில் எடுத்த பழைய பேருந்து ஒன்றைத் தம் தோட்டத்துப் புளியமரத்தடியில் நிறுத்தி, இருக்கைகளை அகற்றி, ஊர்ப் பிள்ளைகள் மாலையில் அமர்ந்து படிப்பதற்கு ஏற்ற படிப்பகமாக மாற்றியிருந்தார். மின்கம்பமோ வெகு தொலைவில் இருந்தது. ஆகவே கூரைமீது சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தி, லாரிக்குரிய பாட்டரி ஒன்றையும் வாங்கி இணைத்தார். ஆறு திங்களில் பாட்டரி செயலற்றுப் போயிற்று. விளக்கின்றிப் பிள்ளைகளும் வருவதை நிறுத்திவிட்டனர். “ஐயா, இன்னும் ஒரு முறை செலவு செய்யத்தான் என்னிடம் பணம் இருக்கிறது. எத்தனை தகடு வாங்கலாம்?” என்று அவர் வினவினார். விடை கூறுமுன் நான் அவருக்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். அதனையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

1839ஆம் ஆண்டில், பிரெஞ்சு நாட்டில், எட்மண்ட் பெக்கரெல் என்னும் 19 வயது இளைஞர், கரைசலில் அமிழ்த்திய உலோகத் தகட்டின்மீது ஒளி விழுங்கால் மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். 1876இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், டே என்னும் இருவர், செலினியம் என்ற திண்பொருளிலும் ஒளி மின்சாரத்தை எழுப்புவதைக் காட்டினர். 1883இல் அமெரிக்கரான சார்லஸ் பிரிட்ஸ், செலினியத்தின்மீது மெல்லிய பொற்படலம் பூசி மின்கலம் அமைத்தார். எனினும், விழுந்த ஒளியாற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகத் தேறுவது அரிதாயிருந்தது.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேரில் சேப்பின் என்னும் பொறியாளருக்கு ஒரு வேலை தரப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக் கருவிகளுக்குரிய உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்று ஒன்று காண்பதே அவ்வேலை. செலினியத்தைக் கொண்டு முயன்று சோர்ந்த அவருக்குச் சிலிக்கனின் இயல்பை எடுத்துரைத்தவர் நண்பர் ஜெரால்ட் பியர்சன். சிலிக்கனில் பிற தனிமங்களைச் சிறிதளவு ஊடுருவச் செய்யும் முறையில் வல்லவர் கால்வின் புல்லர். இம்மூவரும் கூடி அமைத்த மின்கலம், ஒளியாற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்கியது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அதனை உலகுக்குக் காட்டியபோது, அது சுழற்றியது ஒரு விளையாட்டு ராட்டினத்தை. இயக்கியது ஒரு சிறு வானொலிப் பரப்பியை.

ஆனால் விலை? 1956இல் ஒரு வாட் ஆற்றலுக்கு 286 டாலர் ஆகும் என்று சேப்பின் கணக்கிட்டார். அவ்விலையில் ஒரு வீட்டுக்கு மின்சாரம் அமைக்கப் பெருஞ்செல்வராலும் இயலாது. அவ்வாறாயின் அதனை ஏற்றுப் பயன்கொண்டவர் யார்? மிகக் குறைந்த மின்சாரமே தேவைப்பட்டவர்! 1958 மார்ச்சு 17ஆம் நாள் வானில் ஏவப்பட்ட வான்கார்டு-1 என்னும் செயற்கைக்கோளின் எடை ஒன்றரைக் கிலோகிராம்தான். அதில் இருந்த இரசாயன பாட்டரி அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே தீர்ந்தது. சூரிய மின்கலங்களோ 1964 வரை அதன் குரலை ஒலிக்கச் செய்தன.

1970களில் எலியட் பெர்மன் என்னும் வேதியியலார், மின்னணுத் தொழிற்சாலைகள் தரக்குறைவென்று ஒதுக்கிய சிலிக்கன் வில்லைகளையே வாங்கிப் பயன்படுத்தி, வாட் ஒன்றுக்கு 100 டாலராக இருந்த விலையை 20 டாலருக்குக் கொணர்ந்தார். முதலில் அத்தகடுகள் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளை எரித்தன. அங்கும் தேவை சிறிது என்பதை நோக்குக!

இவ்வரலாற்றைக் கேட்ட என் மாணவர், “அப்படியானால் தகட்டை எண்ணுவதற்கு முன் தேவையை எண்ண வேண்டும் என்கிறீர்களா?” என்றார். ஆம் என்றேன். இருவரும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம்.

வீட்டில் கழற்றிய 75 வாட் மின்விசிறிகள் இரண்டை மாட்ட அவர் எண்ணியிருந்தார். நாள்தோறும் 3 மணி நேரம் அவை சுழன்றால் 450 வாட்-மணி ஆகும். அவற்றுக்கு மாற்றாக 20 வாட் சிறுவிசிறிகள் இரண்டைக் கொண்டால் 120. ஐந்து வாட் விளக்குகள் நான்கு, 4 மணி நேரம் எரிய 80. ஆக, மொத்தம் 200 வாட்-மணியே. தெளிந்த நாளில் முழு வெயிலுக்கு நிகராக நமக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் கிடைக்கும். அதில் கால் பங்கு வெப்பத்தாலும் கம்பியாலும் வீணாகும் எனக் கொண்டால், 54 வாட் தகடு போதும். மேகத்தை எண்ணி 100 வாட் என்று வைத்தோம்.

பாட்டரி செயலற்ற காரணமும் அப்போது விளங்கிற்று. லாரியின் பாட்டரி, எஞ்சினைக் கிளப்பும் பொருட்டுச் சில நொடிகள் மிகுந்த மின்னோட்டம் தருவதற்கென அமைந்தது. இரவுதோறும் அடிவரை வற்றச் செய்தால் அதன் ஈயத் தகடுகள் கெடும். ஆழ்ந்து வற்றினும் தாங்கும் ஈய பாட்டரியையும் பாதிக்குமேல் வற்றவிடலாகாது. இரண்டு நாள் தேவை 400. அதன் இரு மடங்கு 800 வாட்-மணி. பன்னிரண்டு வோல்ட்டால் வகுக்க, 67 ஆம்பியர்-மணி. 75 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றும், மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும், பாட்டரியின் அருகிலேயே ஒரு பியூசும் என்று பட்டியல் முடிந்தது. முன்பு வாங்கிய தகடு 100 வாட்டே ஆதலின், புதிதாய்த் தகடு வாங்கவே வேண்டியதில்லை!

இன்னும் ஒரு குறை எஞ்சியது. பேருந்து நின்றது புளியமர நிழலில். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழினும் மின்சாரம் பெரிதும் குறையும். குளிர்ச்சியை இழக்க அவருக்கு மனமில்லை. முடிவில், பேருந்தை வெயிலுக்கு நகர்த்தி, தகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்றோட ஒரு சாண் இடைவெளி விட்டார். தகடும் சூடு தணிந்தது. அதன் நிழலால் கூரையும் ஓரளவு தணிந்தது.

அடுத்த ஐப்பசியில் நான் அங்குச் சென்றேன். மூன்று நாள் அடைமழை. இரண்டு விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சிய இரண்டின் கீழ்ப் பிள்ளைகள் நெருங்கி அமர்ந்து படித்துக்கொண்டிருந்தனர். அணைக்கச் சொன்னவர் யார் என்று கேட்டேன். கணக்குப் போட்டுத் தாங்களே அணைத்ததாக ஒரு சிறுமி கூறினாள்.

மாணவ நண்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு விளக்குகளையும் விசிறிகளையும் அவ்வாறு ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.